டெலிபரேட்

டெலிபரேட் என்பது நன்மை தீமைகளைச் சீர்தூக்கிச் செயல்படுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பெயரடையாகவும் வினையாகவும் வரும். எழுத்து ஒன்றே; பெயரடையில் ஈறு குறுகி 'டெலிபரட்' என்றும், வினையில் நீண்டு 'டெலிபரேட்' என்றும் ஒலிக்கும்.

இலத்தீனில் 'லிப்ரா' என்றால் தராசு. அதிலிருந்து நிறுத்தலைக் குறிக்கும் 'லிப்ராரே' பிறந்தது. 'டே' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து, தீர நிறுத்துப் பார்த்தல் என்ற பொருளில் 'டெலிபெராரே' ஆயிற்று. நடுவில் ஓர் உயிரொலி புகுந்ததற்கு, விடுவித்தலைக் குறிக்கும் 'லிபெராரே'யின் சாயலே காரணம் என்று கருதுவர். துலாம் இராசிக்கு ஐரோப்பியர் வழங்கும் பெயரும் லிப்ராதான். பவுண்டு எடையை 'எல்பி' என்று சுருக்குவதும், பவுண்டு நாணயத்தின் குறி கோடிட்ட 'எல்' எழுத்தாக இருப்பதும் அந்தத் தராசின் வழிவந்தவையே. ஆங்கிலத்தில் பெயரடை 15ஆம் நூற்றாண்டிலும் வினை 16ஆம் நூற்றாண்டிலும் வழக்குக்கு வந்தன. தமிழிலும் தூக்குதலுக்கு நிறுத்தல் என்ற பொருள் உண்டு. ஆகவே சீர்தூக்குதல் என்பதைவிடப் பொருத்தமான தமிழ் இதற்கு இல்லை.

ஜூரிகள் தனியறையில் கூடி வழக்கை அலசுவதை இந்த வினையால் சொல்வர். பதற்றமின்றி எடுத்து வைக்கும் அடியும், நிறுத்தி நிதானமாகப் பேசும் பேச்சும் பெயரடையால் குறிக்கப்படும். வேண்டுமென்றே செய்தது என்பது மற்றொரு பொருள்.

இவற்றுள் கடைசிப் பொருளை ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் நுணுகி ஆராய்ந்தார். மை கொட்டும் மூன்று வழிகளைப் பற்றிய அவரது கட்டுரை, அவர் மறைந்தபின் 1966இல் வெளிவந்தது. அதன்படி, கோபத்தில் சட்டென்று ஒருவனை அறைந்தால், அது தெரிந்து செய்ததுதான். ஆனால் டெலிபரேட் ஆகாது. செய்யலாமா கூடாதா என்று முன்பே எண்ணிப் பார்த்திருந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். இதுவே சரியான பாகுபாடு.

சட்டம் இந்த வேறுபாட்டில் உயிரையே வைத்தது. 1794இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் கொலைக் குற்றத்தைத் தரம் பிரித்து, இவ்வாறு எண்ணிச் செய்த கொலையை முதல் தரத்தில் சேர்த்து, மரண தண்டனையை அதற்கு மட்டும் நிறுத்திக்கொண்டது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 1927இல் சேர்ந்த 295ஏ பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கம் டெலிபரேட்டாகவும் தீய எண்ணத்துடனும் இருக்க வேண்டும் என்றது. அந்த வரம்பைக் காட்டியே 1957இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது.

இன்றைய செய்தி வழக்கில் இச்சொல் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே வருகிறது. சட்டத்திலும் இச்சொல் தொடர்கிறது: மேலே கண்ட 295ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக நடைமுறையில் உள்ளது.