ஹட்டன் தொகுதியின் அபேட்சகர்



தேர்தல் காலம் வந்ததும் அபேட்சகர் ஒவ்வொருவரும் தாம் செய்த பொதுப்பணிகளை வரிசைப்படுத்திக் கூறுதல் வழக்கம். அப்பணிகளுள் எவை தேர்தலுக்காகத் தொடங்கப்பட்டவை, எவை தேர்தலுக்கு முன்பே நடந்தவை என்பதை வாக்காளர் அறிந்தே இருப்பர். 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் ஹட்டன் தொகுதியில் நின்று வென்ற கோ. நடேசய்யர் அத்தகைய வரிசை எதனையும் ஒப்புவிக்க வேண்டிய நிலையில் இருக்கவில்லை. அது ஏன் என்பதே இன்றைய பேச்சு.

நடேசய்யர் தஞ்சாவூரைச் சேர்ந்தவர். வணிகக் கல்வி கற்பித்தவர். கணக்குப் பதிவு, வாணிபம் ஆகியன பற்றித் தமிழில் நூல்கள் எழுதியவர். இலங்கைக்கு அவர் முதலில் வந்ததும் வணிகர் சங்க அலுவலாகவே. தொழிலாளர் தலைவராகும் எண்ணத்தோடு அவர் கப்பலேறவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களைக் காணச் சென்றார். தோட்டம் என்பது அந்நாளில் துரையின் தனி நிலம். உறவினன்கூட அநுமதியின்றி லயத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் என்று வழக்குத் தொடரலாம். ஆகவே புடைவை வியாபாரியைப் போல் மூட்டை சுமந்து லயங்களுக்குள் சென்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அங்கே அவர் கண்டது கணக்குத் தெரிந்தவருக்கு உடனே விளங்கக்கூடிய ஒரு கொடுமை. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டு இல்லாமல் அவன் தோட்டம் மாற முடியாது. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தினால்தான் விடுதலை. கடனைப் பதிந்தவன் வேறு, சுமந்தவன் வேறு. சுமந்தவனுக்கு எழுத்தும் தெரியாது. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் கங்காணியின் கொப்பியில் இருந்த கடன் ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. கணக்குப் பதிவு கற்பித்த ஆசிரியர் ஒருவர் அந்தக் கொப்பியை எதிர்த்து எழுதப் புறப்பட்டது எனக்கு மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

எழுத்தே அவருடைய முதற் கருவி. ‘தேசநேசன்’ பத்திரிகையோடு தொடர்புகொண்டிருந்த அவர் 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். தோட்டத்துச் செய்தி கொழும்பிலே அச்சேறிற்று. 1925இல் சட்ட நிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியானார். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற் சங்கத்தில் அவரோடு இணைந்து உழைத்தார். பின்னர் இருவரும் பிரிந்தனர். அப்பிரிவினால் கொழும்பு நகரத் தொழிலாளர் இயக்கமும் தோட்டத் தொழிலாளர் இயக்கமும் தனித்தனி வழியே சென்றன. இரு சாராருக்கும் அது நட்டமே.

1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. இந்தியத் தொழிலாளருக்கோ அது நேரே வந்துவிடவில்லை. ஐந்தாண்டு வாசத்தோடு நிலையான குடியிருப்பையும் நிரூபிக்க வேண்டும். அவ்வாறு இடாப்பில் ஏறியோர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். அந்தத் தேர்தலில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியானவர் பெரி சுந்தரம். அவர் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் விளங்கினார். நடேசய்யருக்கு 1931 முதல் 1936 வரை சபையில் இடமில்லை.

என் நோக்கில் அவருடைய பொதுவாழ்வின் சிறந்த பகுதி இந்த ஐந்தாண்டுகளே. அதே 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் ஆரம்பித்தார். உலகெங்கும் விலைவாசி சரிந்து தேயிலைக்குச் சந்தை கெட்டிருந்த காலம் அது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிருணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளமும், ஆணுக்கு நாளொன்றுக்குச் சில சதங்களேயான அந்தத் தொகையும், வெட்டப்பட்டது. பதவியில்லாத ஒருவர், சபையில் வினாவெழுப்பும் வசதியும் இல்லாத ஒருவர், அந்த வெட்டை எதிர்த்துக் கூட்டங்கூட்டினார். தோட்டத்துக்குள் கூட்டங்கூட்ட இடமில்லை. ஆகவே கடைத்தெருவும் பெருவீதியுமே மேடைகளாயின.

இந்த மேடைகளில் அவரோடு நின்றவர் அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மை. எழுத்தறியாத மக்களிடம் பத்திரிகை எவ்வளவு தூரம் செல்லும்? அம்மையார் தொழிலாளர் நிலையைப் பாட்டாக இயற்றித் தெருவிலே பாடினார். அப்பாடல்களைப் பின்னர் நூலாகவும் வெளியிட்டார். பிரட்டுக்களத்தில் ஏச்சுக் கேட்டுப் பழகிய பெண்கள், தம்மைப் போன்ற ஒரு பெண் கூட்டத்தின் நடுவே நின்று துரையின் பெயரைச் சொல்லிப் பாடுவதைக் கேட்டனர். ஹட்டன் தேர்தல் வெற்றியில் அம்மையாரின் பங்கைச் சரித்திர ஆசிரியர்கள் போதிய அளவு கூறவில்லை என்பது என் குறை.

1936இல் வாக்காளர் தொகை ஏறத்தாழ 1,45,000 ஆயிற்று. அந்நாளில் அபேட்சகருக்குச் சின்னம் இல்லை; ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப்பெட்டி. வாக்களிப்பவர் தமக்கு வேண்டிய நிறத்துப் பெட்டியில் சீட்டை இட வேண்டும். வாக்குச் சாவடிக்குச் சென்ற தொழிலாளிக்குத் துரையின் விருப்பமும் பெரிய கங்காணியின் விருப்பமும் தெரியாதனவல்ல. ஆனால் பெட்டிக்கு முன் நிற்கும்போது அவன் தனியே நின்றான். நடேசய்யர் வென்றார்.

சபைக்குச் சென்ற பின்னும் எழுத்தை விடவில்லை. தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழில் விளக்கி நூல் எழுதினார். ‘அந்தரப் பிழைப்பு’ என்னும் நாடகமும் எழுதினார். ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. சங்கம் அவர் ஒருவரையே தூணாகக் கொண்டிருந்தது. தோட்டந்தோறும் தொழிலாளரிடையே தலைவர்கள் தோன்றி வேரூன்றவில்லை. 1939இல் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவாகி, அதன் தொழிற் சங்கமும் எழுந்ததும், அவர் பின்னே நின்ற கூட்டம் விரைவில் அப்பக்கம் சென்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மஸ்கெலியாவில் நின்ற நடேசய்யர் தோல்வியுற்றார். காங்கிரஸ் அபேட்சகர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். அவ்வாண்டு முடியுமுன் அவர் காலமானார்.

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. 1949இல் தேர்தற் சட்டம் திருத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டில் அடுத்த தேர்தல் வந்தபோது, ஹட்டன் கடைத்தெருவில் அவர் பேச்சையும் அம்மையாரின் பாட்டையும் கேட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இருக்கவில்லை.