வேட்டைக்கள உணவும் பகிர்வு நெறியும்: சமூகவியல் நோக்கிலான ஒரு வரலாற்று ஆய்வு

1. முன்னுரை

பண்டைத் தமிழரின் உணவு பற்றி எழுதியோர் பெரும்பாலும் உணவுப் பொருள்களின் பட்டியலைத் தருவதோடு அமைந்துவிடுகின்றனர். எந்நிலத்தார் எதனை உண்டனர், எதனோடு சேர்த்து உண்டனர் என்பன விரிவாகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஆயின் அவ்வுணவை யார் தேடினர், யார் சமைத்தனர், யார் பங்கிட்டனர், எவர் பங்கு முதலில் வழங்கப்பட்டது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. உணவு வெறும் நுகர்பொருளன்று. அது குறிப்பிட்டதோர் உற்பத்தி முறையின் விளைவு என்பதையும், அதனைப் பங்கிடும் முறையில் அச்சமூகத்தின் மனித உறவுகள் வெளிப்படையாகத் தெரிகின்றன என்பதையும் மனங்கொள்ளின், இவ்வினாக்களின் இன்றியமையாமை புலப்படும்.

இந்நோக்கில் ஆராய்வதற்கு மான் வேட்டைக்களம் மிகப் பொருத்தமானதொரு களமாகும். வீழ்த்தப்பட்ட மானோ மரையோ ஒருவன் தனித்து உண்டு முடிக்கக்கூடியதன்று. வெப்ப நாட்டில் அதன் ஊன் விரைவிற் கெடும். எனவே அதனைப் பகிர்தல் வேண்டும். அன்றேல் பதப்படுத்தல் வேண்டும். அன்றேல் வேறொரு பொருளுக்கு மாற்றுதல் வேண்டும். இம்மூன்றில் எது முதன்மை பெறுகின்றது என்பது சமூக அமைப்பைப் பொறுத்தது. சங்க இலக்கியம், ஈழத்து வேடர் வாழ்க்கை, பெரியபுராணம், பிரித்தானியர் ஆட்சிக்காலம் ஆகிய நான்கு நிலைகளில் இதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சங்கச் செய்யுள்களில் வேட்டைக்களம்

புறநானூற்றின் 325 ஆம் செய்யுள் ஒரு சிற்றூரைக் காட்டுகின்றது. வேட்டையாடிய ஆடவர் உடும்பின் ஊனைச் சிறுகுடிலின் முற்றத்திற் கூறுசெய்யும் பொருட்டுத் தீயில் வாட்ட, அதன் மணம் தெரு முழுவதும் பரவுகின்றது. இங்குச் சமையலும் பங்கீடும் ஒரே இடத்தில், யாவரும் காணும் முற்றத்தில் நிகழ்கின்றன. ஊர் நீருக்கே வருந்தும் வறிய ஊர் என்பதும் அச்செய்யுளாலேயே தெரியவருகின்றது. குறைந்த உற்பத்தி ஆற்றலுடைய சமூகத்திற் பகிர்வு என்பது அறவுணர்வின் விளைவு மட்டுமன்று, உயிர்வாழ்தலின் நிபந்தனையுமாகும். இன்று கிடைத்தவன் நாளை கிடையாதவனாவான் என்பதை வேட்டைக்குழு அனுபவத்தால் அறிந்திருந்தது.

இதனோடு 150 ஆம் செய்யுளை ஒப்பிடுதல் பயனுடைத்து. வன்பரணர் பாடிய அச்செய்யுளில், மான் கூட்டத்தை வேட்டையாடியதாற் குருதி தோய்ந்த கால்களோடு வரும் வில்வேட்டுவன் ஒருவன், மரநிழலில் தளர்ந்திருந்த பாணனைக் காண்கின்றான். காட்டுவழியிற் பிரிந்துபோன தன் இளையர் வந்துசேருமுன் தானே தீக்கடைந்து கொழுத்த ஊனைச் சுட்டுப் பாணனுக்கும் அவன் சுற்றத்துக்கும் அளிக்கின்றான். பின்னர் அணிகலன்களையும் ஈகின்றான். தோட்டி மலைக்குரிய கண்டீரக் கோப்பெருநள்ளியே அவன் என்பது பின்னரே தெரியவருகின்றது.

இச்செய்யுள் வழக்கமாக வள்ளன்மைக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுவது. அது சரியே. எனினும் இங்கு இரு நிலைகள் ஒருங்கே காணப்படுகின்றன. தலைவன் தன் கையாலேயே தீமூட்டிச் சமைக்கின்றான். உழைப்பிலிருந்து அவன் இன்னும் முற்றாக விலகவில்லை. ஆயின் இளையர் வருமுன்னரே ஊனை வழங்கும் உரிமை அவனிடம் உள்ளது. அணிகலன்களும் அவனிடம் திரண்டுள்ளன. குழுவின் முற்றத்தில் நிகழ்ந்த கூறு இங்குத் தலைவனின் கொடையாக மாறியிருப்பதைக் காண்கின்றோம். வல்வில் ஓரியைப் பாடும் 152 ஆம் செய்யுளிலும் மான் ஊனும் மதுவும் பொன்னோடு சேர்த்தே வழங்கப்படுகின்றன. பங்கீடு செய்யும் உரிமையே தலைமையின் அடித்தளமாக வளர்ந்தது எனலாம். இச்செய்யுள்கள் பரிசில் பெற்ற புலவரின் வாய்மொழி என்பதையும் மறத்தலாகாது. வராத இளையரின் பங்கு யாதாயிற்று என்று கேட்பது புலவனின் வேலையாக இருக்கவில்லை. ஆய்வாளனுக்கோ அக்கேள்வி இன்றியமையாதது.

பெரும்பாணாற்றுப்படை மற்றோர் உண்மையை உணர்த்துகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் எயிற்றியர் இரும்புப் பூண் பொருந்திய கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுகின்றனர்; நிலத்திற் பதித்த உரலில் அதனைக் குற்றுகின்றனர்; ஆழ்ந்த கிணற்றின் உவர்நீரை முகந்து, வாய் உடைந்த பானையிற் சமைக்கின்றனர்; உப்புக்கண்டத்தோடு தேக்கிலையிற் படைக்கின்றனர். வேட்டுவர் ஊனால் மாத்திரம் வாழ்ந்தனர் என்னும் எண்ணத்தை இப்பகுதி தகர்த்துவிடுகின்றது. வேட்டை என்றும் உறுதியற்றது. பெண்டிர் திரட்டிய தானியமே அன்றாட உணவுக்கு உறுதியளித்தது. ஆடவனின் வில் பாடுபொருளான அளவுக்குப் பெண்ணின் கோலும் உரலும் பாடுபொருளாகவில்லை. வீரயுகம் எனக் கலாநிதி கைலாசபதி தம் 1968 ஆம் ஆண்டு நூலில் விளக்கிய காலத்தின் உணவு வரலாறு எழுதப்படும்போது இவ்வுழைப்புக்கு உரிய இடம் தரப்படல் வேண்டும்.

3. பண்டமாற்றும் பதப்படுத்தலும்

புறநானூற்றின் 33 ஆம் செய்யுளில் வேட்டுவன் மான் தசையைப் பெய்த வட்டியோடும், ஆய்மகள் தயிர்ப் பானையோடும் மருதநிலத்துக்கு வருகின்றனர். அவ்வட்டியும் பானையும் நிறைய உழவர் மகளிர் களத்து நெல்லை முகந்து கொடுக்கின்றனர். மான் ஊன் இங்குக் குழுவின் உணவு என்ற நிலையிலிருந்து மாற்றுப் பொருள் என்ற நிலையை எய்துகின்றது. திணைகள் வெவ்வேறு நிலப்பகுதிகள் மட்டுமல்ல, ஏற்றத்தாழ்வான வளர்ச்சி பெற்ற உற்பத்தி முறைகளுமாகும் என்பதற்கு இது தக்க சான்று.

ஈழத்தில் இதனையொத்த நிலையை 17 ஆம் நூற்றாண்டிற் காண்கின்றோம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றி இரு செய்திகளைத் தருகின்றார். மரத்தைக் குடைந்து தேனை இட்டு, அதனுள் ஊனை நிரப்பிக் களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைத்தல் ஒன்று. அம்புமுனை வேண்டின், இரவில் ஊன் சுமையைக் கொல்லனின் பட்டறையில் தொங்கவிட்டு, வேண்டிய வடிவில் வெட்டிய இலையையும் வைத்துச் செல்லுதல் மற்றையது. கொல்லன் அவ்வாறே செய்து கொடுப்பின் மேலும் ஊன் கிடைக்கும். மறுப்பின் இரவில் அம்பு பாயும்.

தேனில் இட்ட ஊன் குழுவின் சேமிப்பு. பட்டறையில் தொங்கிய ஊனோ குழுவுக்கு வெளியேயுள்ள கைவினைஞனுடன் கொண்ட உறவு. இரும்பு இன்றி வேட்டை இல்லை. இரும்பு வேடனிடம் இல்லை. எனவே தனித்து வாழ்ந்ததாகக் கருதப்படும் வேடர் சமூகமும் பரந்ததொரு பொருளாதாரத்தின் ஓரத்திலேயே இயங்கியது. 1911 இல் வெளிவந்த வேடர் பற்றிய நூலிற் செலிக்மன் இணையர், வேட்டைப் பொருளையும் தேனையும் தம்முட் பகிரும் வழக்கத்தையும், வேட்டை வாய்க்கும் பொருட்டு ‘கந்தே யக்கா’ என்னும் முன்னோர் ஆவியை வேண்டும் சடங்கையும் பதிவுசெய்தனர். கிழக்குக் கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் வாழ்வதையும் அவர்கள் குறிப்பிட்டுள்ளனர். ஆகவே இவ்வரலாறு தமிழாய்வுக்குப் புறம்பானதன்று.

4. காளத்தி மலையடிவாரத்தில் ஒரு வேட்டைக்களம்

சேக்கிழாரின் பெரியபுராணம் 12 ஆம் நூற்றாண்டுச் சோழப் பேரரசின் படைப்பாகும். கண்ணப்பரின் வரலாறு வேட்டைக்கள உணவு ஒன்றோடுதான் திருப்பம் பெறுகின்றது. திண்ணனும் நாணனும் காடனும் பன்றியொன்றைத் துரத்தி வீழ்த்துகின்றனர். பசியோடிருந்த அவர்கள் அதனைத் தீயில் வாட்டி உண்பதே முதலில் எண்ணிய செயல். ஆயின் திண்ணன் சுவையறிந்து தேர்ந்த ஊனை இறைவனுக்கென எடுத்துச் செல்கின்றான். தோழரின் பசியும் பங்கும் அவன் நினைவில் இல்லை. அவனைப் பித்தனெனக் கருதி அவர்கள் ஊருக்குச் செய்தி சொல்லச் செல்கின்றனர்.

பக்தி நோக்கில் இது தன்னை மறந்த அன்பு. சமூக வரலாற்று நோக்கிலோ, குழுவுக்குள் பகிரப்பட வேண்டிய ஊன் முதன்முறையாகக் கோயிலை நோக்கித் திரும்பும் கணமுமாகும். சிவகோசரியாருக்கு அவ்வூன் தீட்டு. இறைவனுக்கு அது உவப்பு. வேடனின் அன்பைக் கோயில் ஏற்கின்றது. அவன் உணவு முறையை ஏற்கவில்லை. கண்ணப்பர் நாயன்மாராகிய பின்னரும் ஊன் படையல் சிவன் கோயிலின் ஆகம வழிபாட்டு நெறியாகவில்லை. நிலவுடைமைச் சமூகம் காட்டுக் குடிகளைத் தன்னுள் ஈர்த்துக்கொண்ட முறையின் முரண்பாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் பகுதி தமிழிலக்கியத்தில் அரிது. சேக்கிழார் அம்முரண்பாட்டை மறைக்காது விட்டமை அவர்தம் கலைநேர்மைக்குச் சான்றாகும்.

5. துரைமாரின் கூடாரம்

1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னர் காடு அரசின் உடைமையாகக் கொள்ளப்பட்டது. மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1848 இல் நுவரெலியாவிற் குடியேறி 1855 வரை வாழ்ந்த சாமுவேல் பேக்கர், ஹோட்டன் சமவெளியிலும் அயற்காடுகளிலும் நாய்களைக் கொண்டு மரை வேட்டையாடினார். 1854 இல் வெளிவந்த அவரது நூல் அவ்வேட்டைகளை விரிவாகக் கூறுகின்றது. கூடாரங்களையும் உணவுப் பொருள்களையும் சுமந்தவர்கள் கூலிகள், சமைத்தவர்கள் வேலையாட்கள். வேட்டை இங்கு உணவு தேடுதலன்று, பொழுதுபோக்காகும். மரையின் ஊன் துணைப்பயன், வீரமே முதற்பயன். சங்கத் தலைவன் தானே தீக்கடைந்தான். துரையோ தீ மூட்டுவோனையும் உடன் அழைத்துச் சென்றான்.

இவ்விளையாட்டுக்குரிய விலங்குகள் அருகவே, 1894 இல் இலங்கை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1900 இல் யால சரணாலயமாக்கப்பட்டது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இப்போக்கை மேலும் வலுவாக்கியது. விலங்குகளைக் காத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் நீர்நிலையருகே பதுங்கியிருந்து ஊனுக்காக மான் கொல்லும் ஏழை இழிந்தவன் எனவும், நாய்களோடு துரத்தி மகிழ்ச்சிக்காகக் கொல்லுவோன் கனவான் எனவும் வகுத்த அறம் எவ்வர்க்கத்தின் அறம் என்பது கேட்கப்பட வேண்டியதாகும். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை அரசாங்க அதிபரின் உதவியாளராகவிருந்த லெனாட் வூல்ஃப் 1913 இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய நாவலிற் படைத்த சிலிந்து, அவ்வாறு நீர்நிலையருகே காத்திருக்கும் வேட்டைக்காரனேயாவான். ஆட்சியாளருள் ஒருவரே அவன் பக்கத்திலிருந்து உலகை நோக்கியமை குறிப்பிடத்தக்கது.

1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது வேடரின் பழைய வேட்டைப் புலங்கள் அதனுள் அடங்கின. பலர் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்குச் சென்றனர்; திசாஹாமியின் தலைமையில் ஒரு சாரார் தம்பானையை விட்டு நீங்க மறுத்தனர். நெல் வயல் தரப்பட்டது. ஆயின் பகிர்ந்துண்ணும் முற்றம் தரப்படவில்லை. முன்னோரின் உணவு பேரரின் குற்றமாயிற்று.

6. முடிவுரை

முற்றத்திற் கூறிடப்பட்ட ஊன் தலைவனின் கொடையாயிற்று, நெல்லுக்கு மாற்றாயிற்று, கோயிலின் தீட்டாயிற்று, துரையின் விளையாட்டாயிற்று, ஈற்றில் வழக்குமன்றச் சான்றுப்பொருளாயிற்று. இம்மாற்றங்கள் ஒன்றையொன்று முற்றாக அழித்துவிட்டு வந்தவையல்ல. பழையன புதியனவற்றினுள் எஞ்சி நின்றன. மானின் ஊன் சேமிப்பாகவும் கொடையாகவும் பண்டமாகவும் ஒரே காலத்திலேயே வழங்கியதும் உண்டு.

பண்டைய பொதுமையைப் பொற்காலமாகப் போற்றுவது இக்கட்டுரையின் கருத்தன்று. அப்பொதுமை வறுமையின் பொதுமை. அதனுள்ளும் எயிற்றியின் உழைப்பு மறைந்தே கிடந்தது. ஆனால் பங்கிடுதல் மனிதனுக்கு இயல்பன்று என்னும் இன்றைய கோட்பாட்டுக்கு வரலாறு மறுப்புத் தருகின்றது. விருந்தோம்பல் என்னும் ஒரு சொல்லால் இவ்வரலாற்றை மூடிவிடாது, அடுப்பின் அருகே நின்றோரையும், பங்குக்காகக் காத்திருந்தோரையும் கண்டறிவதே நம் இலக்கிய ஆய்வு இனிச் செய்யவேண்டிய பணியாகும்.