பெற்றோர் இசைவும் புத்தர் நெறியும்

பௌத்த நெறியில் உள்ளஞ் சென்ற இளைஞர் சிலர், தோட்டப் புறத்திலும் பட்டணத்திலும், அண்மைக் காலமாக நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். அக்கேள்வி நால்வகை வாய்மையைப் பற்றியதன்று. எண்வகை மார்க்கத்தைப் பற்றியதுமன்று. "இதை வீட்டில் அப்பாவிடம் எப்படிச் சொல்வது?" என்பதே அது. இரவெல்லாம் நூல் வாசிக்கத் துணிந்தவர்கள், தகப்பனார் முன் நின்று வாய் திறக்கத் துணியவில்லை. இதனைக் கோழைத்தனமென்று நகைப்பார் உளர், நாம் நகையோம். ஆங்கிலப் பள்ளியிற் படித்த நாம் புத்தரை ஆங்கிலப் புத்தகத்திலேயே முதலிற் சந்தித்தோம். நம் பெற்றோரோ அப்புத்தகத்தை அறியார். ஒரே வீட்டில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன.

பெற்றோர் அஞ்சுவது யாது? 'அது சீனர் சாமியாயிற்றே!' என்பது ஒன்று. மற்றொன்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லாதது: 'நாளைக்கு நான் கண்ணை மூடினால் கொள்ளிக்குடம் எடுப்பவன் யார்?' முதல் அச்சத்தை வரலாறு போக்கிவிடும். இரண்டாவது அத்துணை எளிதிற் போவதன்று. அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

பௌத்த உலகில் இவ்வழக்கை முதன்முதல் எழுப்பியவர் வேறு யாருமல்லர். புத்தரைப் பெற்ற சுத்தோதனரே. சித்தார்த்தர் நள்ளிரவில் எவருமறியாமல் குதிரையேறிப் போனார் என்னும் கதையே நமக்குப் பழக்கம். பாலி நூல்களுள் பழமை வாய்ந்த பகுதியாகிய மஜ்ஜிம நிகாயத்திலோ, பெற்றோர் விரும்பாமற் கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கவே அவர் தலை மழித்துத் துவராடை உடுத்துச் சென்றார் என்று காண்கிறோம். ஒளித்துச் செல்லவில்லை, சொல்லிவிட்டே சென்றார் என்பது இதனாற் பெறப்படும். இரவுக் கதை பிற்காலத்தார் புனைந்த அழகு போலும்.

ஞானம் பெற்றபின் அவர் கபிலவாஸ்துவுக்கு மீண்டபோது, சிற்றன்னை மகனான நந்தன் சங்கத்திற் சேர்ந்தான். பிறகு சொந்த மகன் இராகுலனும் சேர்க்கப்பட்டான். முதியவரான சுத்தோதனர் இதைப் பொறுக்கமாட்டாமல் மகனிடம் வந்து முறையிட்டார். நீ போனபோது வருந்தினேன், நந்தன் போனபோது வருந்தினேன், பேரனும் போனதோ எலும்பு வரை துளைக்கிறது என்னும் பொருள்பட அவர் பேசியதாக விநய நூல் கூறும். அதற்குப் புத்தர் வேதாந்தம் பேசவில்லை. தாய் தந்தையர் இசைவு பெறாத மகனைத் துறவியாக்குதல் கூடாதென்று சங்கத்திற்கு விதி வகுத்தார். இன்றைக்கும் தேரவாதப் பிக்குவாகச் சேர வருபவனை, கடனாளியா, அரசன் சேவகனா என்று கேட்கும் கேள்விகளோடு பெற்றோர் இசைந்தனரா என்றும் கேட்கின்றனர்.

இவ்விதி சில சமயம் கடுமையான காட்சிகளை உண்டாக்கிற்று. இரட்டபாலன் என்னும் செல்வர் மகன், இசைவு கிடைக்கும் வரை உண்ணேன் என்று தரையிற் கிடந்தான். தோழர்கள் நடுவில் நின்று, 'இறந்து போனால் முகத்தையும் பார்க்கமாட்டீர்கள். துறவியானால் பார்க்கவாவது செய்யலாம்' என்று பெற்றோரிடம் சொல்லவே, துறந்தபின் வந்து முகங்காட்ட வேண்டுமென்ற நிபந்தனையோடு அவர்கள் இசைந்தனர். உண்ணாவிரதம் பெற்றோர்மேற் செலுத்தப்படும் ஆயுதமாவது நமக்கு உடன்பாடன்று.

நிற்க. இவ்விதி துவராடை உடுப்பார்க்கே உரியது. வீட்டிலிருந்து வேலை பார்த்து, மணம் முடித்து, ஐந்து சீலங்களை மேற்கொள்ளும் உபாசகனுக்கு இத்தகைய தடை ஏதுமில்லை. நம் பெற்றோர் பலர் இவ்வேற்றுமையை அறியார். 'மகன் பௌத்தனாகிறான்' என்ற சொல் அவர்கள் செவியில் 'மகன் மொட்டையடித்துக்கொண்டு போகிறான்' என்றே விழுகிறது. பாதிக் கண்ணீர் இவ்வறியாமையால் வருவது.

வீட்டிலிருப்பார்க்குப் புத்தர் என்ன சொன்னார் என்பதற்குச் சிகாலன் வரலாறு போதும். தந்தை சாகும்போது சொன்ன சொல்லைக் காத்து, அவ்விளைஞன் நாள்தோறும் காலையில் ஈர ஆடையோடு ஆறு திசைகளையும் வணங்கி வந்தான். அவனைக் கண்ட புத்தர், 'மூட வழக்கம், விட்டுவிடு' என்றாரில்லை. கிழக்கென்பது தாய் தந்தையர், தெற்கென்பது ஆசிரியர், மேற்கென்பது மனைவி மக்கள், வடக்கென்பது நண்பர், கீழ்த்திசை ஏவலாளர், மேற்றிசை துறவோர் என்று அவ்வணக்கத்திற்கே புதுப்பொருள் கூறினார். தந்தை சொல்லும் நின்றது. மகன் அறிவும் வளர்ந்தது. சீர்திருத்தம் பேசும் நாம் இவ்வுத்தியைப் போதிய அளவு கற்றுக்கொள்ளவில்லை. சமண இல்லறத்தானாகிய உபாலி தம்மிடம் வந்து சேர்ந்தபோதும், நன்கு ஆராய்ந்து செய் என்றும், இதுவரை உன் வீட்டிற் சோறு பெற்ற சமணத் துறவியர்க்குத் தொடர்ந்து சோறிடு என்றும் புத்தர் கூறியதாக நூல்கள் சொல்லும்.

இனிச் 'சீனர் சாமி' என்பதைப் பார்ப்போம். ஜொகூர்க் கரையிலுள்ள பெங்கராங்கிலிருந்து படகேறிச் சாங்கி முனையில் இறங்கும் தோட்டத் தமிழர், நடந்து செல்லுந் தூரத்தில் சாங்கிக் கிராமத்து இராமர் கோயிலைக் காணலாம். சாங்கியில் பிரிட்டிஷ் இராணுவத் தளம் இருந்த நாளில் மரத்தடியில் எளிய வழிபாடாகத் தொடங்கி வளர்ந்த கோயில் அது. அவ்விராமர் கோயில் வளாகத்திலேயே புத்தருக்கும் சீனர் வணங்கும் குவான்யின் அம்மைக்கும் இடமுண்டு. பட்டணத்திலோ, 1855-இல் ஏற்பட்ட சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சில நிமிட நடையில், ரேஸ்கோர்ஸ் சாலையில், சாக்கிய முனி புத்தகயா கோயில் நிற்கிறது. 1927-இல் வுத்திசாரர் என்னும் சயாம் நாட்டுப் பிக்கு நிறுவியது. ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள புத்தர் உள்ளே அமர்ந்திருக்கிறார். தைப்பூசக் காவடிகள் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் நாளில் அவ்விரு கோயில்களுக்கும் நடுவே நடமாடும் நம் தாய்மார், புத்தரை அயலாராக எண்ணுவது வியப்பே. சிங்கப்பூரில் 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட குடிவாசிகளில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர். அவருட் பெரும்பாலார் சீனராதலால் மயக்கம் வருவது இயல்பே.

ஆனால் தமிழ்நாட்டில் புத்தர் அயலாராக இருந்த காலம் குறைவு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்ட தந்தை மாசாத்துவான் தன் பொருளையெல்லாம் அளித்துவிட்டுப் பௌத்தப் பள்ளி புகுந்தான். கண்ணகியின் தந்தையோ ஆசீவகரைச் சேர்ந்தான். சம்பந்திகள் இருவர் இரு நெறி புகுந்ததற்காக நூலாசிரியர் எவரையும் ஏசவில்லை. மணிமேகலையில் தாய் மாதவியே முதலிற் பௌத்தம் புக, மகள் பின்தொடர, பாட்டி சித்திராபதிதான் எதிர்த்து நின்றாள். குலத்தொழில் அற்றுப்போகிறதே என்பது அவள் சினம்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமோ மலாய் நாட்டிலிருக்கும் நாம் மறக்கக் கூடாதது. ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் எடுப்பித்தது அது. சைவனாகிய இராசராசன் 1006-ஐ ஒட்டி ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு இறையிலியாக அளித்தான். அவன் மகன் இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டிற் பொறிப்பித்து நிலைநிறுத்தினான். தந்தை பெயரால் ஒரு மகன் கட்ட, தந்தை சொல்லை மற்றொரு மகன் காத்தான். அதே இராசேந்திரன் 1025-இல் கடாரத்தின்மேற் கப்பற்படை செலுத்தியது வேறு கதை. அவ்விகாரத்தில் எஞ்சி நின்ற கோபுரத்தை 1867-இல் ஏசு சபையார் இடித்தனர்.

இவ்வறுந்த நூலை மீண்டும் முடிந்தவர் அயோத்திதாச பண்டிதர். 1845-இற் பிறந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன்; தம் ஆசிரியரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார். 1898-இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, வித்தியோதயப் பிரிவேனாவின் தலைவர் சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 53. அவ்வாண்டே இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றிற்று. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். சங்கக் கிளைகள் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும், கடல் கடந்து இரங்கூனிலும், நெட்டாலிலும் எழுந்தன. அவற்றை வளர்த்தவர்கள் சுரங்கத்திலும் கூலிக்குப் போன இடங்களிலும் உழைத்த நம் போன்ற மக்கள்.

பண்டிதர் புது மதத்திற்கு வாருங்கள் என்று அழைத்தாரில்லை. நாம் பூர்வ பௌத்தர், வீடு திரும்புகிறோம் என்றார். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அம்மன் வழிபாட்டிற்கும் பௌத்தப் பொருள் கூறினார். அவ்விளக்கங்களிற் பல வரலாற்று ஆராய்ச்சிக்கு நில்லா என்பதே நம் துணிபு. எனினும், முப்பாட்டன் நெறி என்று சொல்லப்பட்டதைக் கேட்ட தந்தை, மகன் தன்னை விட்டுப் போகிறான் என்று எண்ணக் காரணமில்லாமற் போயிற்று. சிகாலனிடம் புத்தர் கையாண்ட வழி இதுவே. இருந்தும் சொந்த வீட்டில் எல்லாரும் இசைந்தாரல்லர். பண்டிதரின் மைத்துனராகிய இரட்டைமலை சீனிவாசன் பௌத்தராகவே இல்லை. இருவரும் தத்தம் வழியில் ஒரே மக்களுக்கு உழைத்தனர்.

இனி ஒரு கிராணியின் கதை. கொழும்பிற் கல்வி இலாகாவில் எழுத்தராயிருந்த தருமபாலர், 1864-இற் பிறந்தவர். பௌத்தக் குடும்பமே, ஆயினும் கிறிஸ்துவப் பள்ளிகளில் ஆங்கிலம் பயின்றவர். 1884-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரோடு அடையாற்றுக்குப் புறப்பட்டபோது, முதலில் இசைந்த தந்தை பின்னர்த் தடுத்தார், வீடே அழுதது, அம்மையார் வாதாடி அழைத்துச் சென்றார். பின்னர்ப் பிரமசரியம் பூண்டு சமயப் பணி செய்ய விடை வேண்டித் தந்தைக்குக் கடிதம் எழுதினார். மூத்தவன் நீ போய்விட்டால் தம்பிகளை யார் பார்ப்பார் என்று தந்தை கேட்டார். அவரவர் கன்மம் அவரவரைக் காக்கும் என்று மகன் விடையிறுத்தார். தாயோ வாழ்த்தி விடை கொடுத்தார்.

அவ்விடை நமக்கு உவப்பானதன்று. தருமபாலரின் தந்தை டொன் கரோலிஸ் கொழும்பில் மரச்சாமான் வணிகத்தாற் செல்வம் சேர்த்தவர். இரட்டபாலனும் செல்வர் மகன். மாதச் சம்பளத்தில் ஆறு வயிறு நிரம்பும் தோட்டத்து வீட்டில், கன்மம் காக்குமென்று சொல்வது அறமாகாது. ஆயினும் அன்று தடுத்த அதே தந்தை 1906-இல் இறக்கும் வரை மகனின் பணிக்குப் பொருளுதவி வந்தார் என்பதையும் சொல்லவேண்டும்.

அம்பேத்கர் செய்தி வேறு வகை. பள்ளி மாணவராயிருந்தபோது கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அதை வாசித்த சிறுவர், நம்மை ஏன் பாரதமும் இராமாயணமும் மட்டும் படிக்க வைக்கிறீர்கள் என்று தந்தை இராம்ஜியையே கேட்டார். கபீர் பந்தியான தந்தை, தாழ்ந்தவர் என்ற எண்ணம் உனக்கு வரலாகாது, துரோணரும் கர்ணனும் எந்நிலையிலிருந்து உயர்ந்தனர் பார் என்றார். மகனுக்கு அவ்விடை போதவில்லை. தந்தை 1913-இல் மறைந்தார். மகன் நாகபுரியில் தீக்கை பெற்றது 1956 அக்டோபர் 14-இல். அவ்வுரையாடலின் மறுபாதி 43 ஆண்டு தாமதித்தது போலும்.

அன்று எடுத்த 22 உறுதிமொழிகளில், சிராத்தம் செய்யேன், பிண்டம் இடேன் என்பதும் ஒன்று. கொள்ளிக்குடத்தை எண்ணும் தந்தையின் நெஞ்சில் நேரே பாய்வது இதுவே. ஆனால் சிகாலனுக்குச் சொன்ன மகன் கடமைகளுள், இறந்த பெற்றோரைக் குறித்துத் தானம் அளித்தல் ஐந்தாவதாக இருக்கிறது. இரண்டும் முரணாகத் தோன்றும். உறுதிமொழி புரோகிதர் வாணிகத்தை நோக்கியது. தானமோ உயிரோடிருப்பார் பசியை நோக்கியது என்று நாம் கொள்கிறோம். பண்டிதரின் சங்கத்தாரும் பிறப்பு, மணம், இறப்புச் சடங்குகளைப் புரோகிதர் இன்றித் தாமே நடத்தினர். சடங்கே வேண்டாம் என்று விட்டாரில்லை.

இலங்கைப் பௌத்தர் வீட்டுச் சாவில் பிக்குகளுக்கு வெண்துணி அளிப்பர். பின்னர் வீட்டார் பாயில் அமர்ந்து, ஒரு பாத்திரத்தைச் சேர்ந்து பிடித்து, கிண்ணம் நிரம்பி வழியும் வரை நீர் வார்ப்பர். செய்த புண்ணியம் இறந்தவரைச் சேர்க என்பது அதன் கருத்து. அந்நீரை வார்க்கும் கைகள் பெரும்பாலும் இறந்தவரின் மக்கள் கைகளே.