ரேடியாட்டா பைன்: மரத்தரத்தின் மரபுவழி மேம்பாடு

ரேடியாட்டா பைன், கலிபோர்னியக் கடற்கரையில் மூன்று இடங்களிலும் மெக்சிகோவின் இரண்டு தீவுகளிலும் மட்டுமே இயற்கையாக வளரும் ஊசியிலை மரம். நியூசிலாந்தின் நடவுக் காடுகளிலோ ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இதுவே.

அங்கு 1950-களில் ரோட்டோருவாவின் வன ஆராய்ச்சி நிறுவனம் வேகமாகவும் நேராகவும் வளர்ந்த மரங்களைக் காடுகளில் தேடித் தேர்ந்தெடுத்தது. அவற்றின் கிளைகளை ஒட்டுக்கட்டி விதைத் தோட்டங்கள் எழுந்தன. மரங்கள் விரைவில் பருத்தன. இன்று 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டிவிடுகிறார்கள்.

சிக்கலும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. தண்டின் நடுவே அமையும் முதல் பத்து வளையங்கள் 'இளமரம்' எனப்படும். செல்சுவரில் உள்ள செல்லுலோஸ் நுண்ணிழைகள் அங்கே 30 பாகைக்கும் மேல் சாய்ந்திருக்கும். வெளிவளையங்களில் அந்தச் சாய்வு 10, 15 பாகையாகக் குறைந்துவிடும். சாய்வு கூடினால் மரத்தின் விறைப்பு குறையும், உலரும்போது நீளவாக்கிலும் சுருங்கும். நாரும் அங்கே சுருளாக ஓடுவதால் பலகை முறுக்கிக்கொள்ளும். சீக்கிரம் பருத்து இளவயதில் வெட்டுப்படும் மரத்தில் இந்தப் பகுதியே மிகுதி. வீட்டுச் சட்டங்களுக்கு அது ஏற்றதல்ல.

அடர்த்தி, பெற்றோரிடமிருந்து வலுவாகக் கடத்தப்படும் பண்பு; வளர்ச்சி வேகம் அவ்வளவு வலுவாகக் கடத்தப்படுவதில்லை. ஆனால் இரண்டும் பெரும்பாலும் எதிர்த்திசையில் இழுக்கின்றன. இரண்டிலும் தேறும் விதிவிலக்கான குடும்பங்களைக் கண்டெடுப்பதே இனவிருத்தியாளரின் அருமையான பணி. அடர்த்தியை மட்டும் நம்பியும் பயனில்லை: இளமரத்தின் விறைப்பைப் பெரிதும் ஆள்வது நுண்ணிழைச் சாய்வு.

அதை அளக்க முடிந்ததுதான் உண்மையான திருப்பம். முன்பு துளைக்கருவியால் மெல்லிய மரக்குச்சியை உருவி அடர்த்தி பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ உருவாக்கிய சில்விஸ்கேன் கருவி, அதே குச்சியில் அடர்த்தியையும் சாய்வையும் வளையம் வளையமாகக் காட்டியது. நிற்கும் மரத்தில் ஒலி ஓடும் வேகத்தை அளப்பது இன்னும் எளிது. விறைப்பு என்பது அடர்த்தியை ஒலிவேகத்தின் இருமடியால் பெருக்கிய அளவு என்பதால், மரத்தை வெட்டாமலே, இளவயதிலேயே தரம் பிரிக்கலாம்.

சுமார் 2,500 கோடி காரஇணைகள் கொண்ட ரேடியாட்டா பைன் மரபணுத்தொகையின் முதல் வரைவு 2017-இல் வெளியானது. நாற்றுப்பருவத்திலேயே மரபணுக் குறிகளைக் கொண்டு தேர்வு செய்தால் ஒரு தலைமுறைக்கான காத்திருப்பில் பல ஆண்டுகள் மிச்சமாகும். எனினும் மண்ணும் வெப்பமும் தம் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை: ஒரே விதை, நியூசிலாந்தின் வெப்பமான வடபகுதியில் தரும் மரத்தைவிடக் குளிர்ந்த தென்பகுதியில் அடர்த்தி குறைந்த மரத்தையே தருகிறது.