கோட்டைமேட்டில் ஒரு கோயில் வாசல்



1791இல் திப்பு சுல்தானின் படையும் ஆங்கிலேயரும் கோவைக் கோட்டைக்காகப் போரிட்டனர். இன்று கோட்டையும் இல்லை, அவர்களும் இல்லை. கோட்டைமேடு என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. நம் பள்ளிவாசல்களும் கோட்டை ஈஸ்வரன் கோயிலும் அங்கே அண்டை அயலாக நிற்கின்றன.

1998 பிப்ரவரி 14 அன்று கோவைக் குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பறிபோயின. அந்த வடு மறையாதிருக்கையில், 2022 அக்டோபர் 23 அதிகாலை, தீபாவளிக்கு முந்தைய நாள், அக்கோயிலின் முன் ஒரு கார் வெடித்துச் சிதறியது. அதிலிருந்தவர் மாண்டார். அடுத்த சில நாட்களில் ஜமாஅத் நிர்வாகிகள் கோயிலுக்கே சென்றனர். கோயில் நிர்வாகத்தார் அவர்களை வரவேற்றனர்.

'கோயிலில் நமக்கென்ன வேலை?' என்று கேட்போர் உண்டு. அவர்கள் வணங்கச் செல்லவில்லை. அண்டை வீட்டாரின் மனக்கலக்கத்தைப் போக்கச் சென்றனர். நஜ்ரான் நாட்டுக் கிறிஸ்தவர்கள் மதீனா வந்தபோது, தமது பள்ளியிலேயே அவர்கள் தம் முறைப்படி தொழ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விட்டுக் கொடுத்ததை இப்னு ஹிஷாமின் சீறா நூல் பதிவு செய்துள்ளது. அதனால் தவ்ஹீதில் அணுவளவேனும் குறைந்ததா?

படைத்தவன் ஒருவன் என்று நாவால் மொழிவது எளிது. ஸஃப்பில் தோளோடு தோள் நின்று, ஸஜ்தாவில் நெற்றியை மண்ணில் வைக்கும்போது, அயல்வீட்டாரைப் படைத்தவனும் அவனே என்பது உள்ளத்தில் இறங்குகிறதா? ஜமாஅத்தார் அன்று கோயில் வாசலில் நின்றது அந்த ஸஜ்தாவின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறது.