14 பாடல்களில் ஒரு பிரிவு

'தி மிட்நைட் ஆர்கன் ஃபைட்' என்ற பெயரைப் பார்த்துவிட்டு தேவாலயத்து ஆர்கன் இசையை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். இங்கே ஆர்கன் என்பது உடம்பின் உறுப்பு. நள்ளிரவில் இரண்டு உடம்புகள் கட்டிப் புரள்வதைச் சண்டையாகச் சொல்லும் குறும்பான தலைப்பு அது. 2008 ஏப்ரலில் பிரைட்டன் நகரத்து ஃபேட்கேட் நிறுவனம் இந்த ஆல்பத்தை வெளியிட்டபோது, ஃபிரைட்டன்ட் ராபிட் என்ற ஸ்காட்லாந்துக் குழுவைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

குழுவின் பெயர் ஓர் அம்மா வைத்த செல்லப் பெயர். ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையில், கம்பளி ஆலைகளை நம்பிப் பிழைத்த செல்கர்க் என்ற சிற்றூரில் வளர்ந்த ஸ்காட் ஹட்சிசன், சின்ன வயதில் ஆள் கூடினால் ஒதுங்கிவிடுவார். 'மிரண்ட முயல்' என்று அம்மா கூப்பிட்டதையே, 2003-இல் தனியாகப் பாடக் கிளம்பியபோது மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். தம்பி கிராண்ட் டிரம்ஸ் வாசிக்க வந்தார். பிறகு பில்லி கென்னடி சேர்ந்தார். கிளாஸ்கோ கலைப்பள்ளியில் சித்திரம் படித்தவர் என்பதால் ஆல்பம் அட்டைகளுக்கும் ஸ்காட்டே வரைந்தார்.

முதல் ஆல்பம் 2006-இல் வந்தது. அதற்குப் பிறகு ஸ்காட்டின் நெடுநாள் காதல் ஒன்று முறிந்தது. அந்த முறிவைச் சுமந்துகொண்டு குழு போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட். அங்கே பீட்டர் கேடிஸ் தன் பழங்காலத்துப் பெரிய வீட்டையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருந்தார். இன்டர்போல், தி நேஷனல் போன்ற குழுக்களோடு வேலை செய்தவர் அவர். கிட்டாரையும் டிரம்ஸையும் அடர்த்தியாக நிரப்பிவிட்டு, நடுவில் குரலை மட்டும் துணியில்லாமல் நிறுத்தினார் என்று சொல்லலாம்.

அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிரிட்டனில் ராக் பாடுகிறவர்கள் மைக்கைப் பிடித்ததும் அமெரிக்க உச்சரிப்புக்கு மாறிவிடுவது வெகுகாலப் பழக்கம். 1980-களின் பிற்பகுதியில் தி புரொக்ளெய்மர்ஸ் சகோதரர்கள் அதை மறுத்து ஊர்ப் பேச்சிலேயே பாடினார்கள். அடுத்து ஃபால்கர்க் ஊரிலிருந்து வந்த ஆரப் ஸ்டிராப், 1998-இல் வந்த 'ஃபிலோஃபோபியா' ஆல்பத்தில், குடியும் படுக்கையும் கசப்புமாகப் போன இரவுகளை முணுமுணுப்பாகச் சொல்லியது. ஸ்காட் இந்த வழியில் வந்தவர். ஆனால் ஆரப் ஸ்டிராப் வாய்க்குள் முணுமுணுத்ததை இவர் தொண்டை கிழியப் பாடினார். ஆயிரம் பேர் சேர்ந்து கத்தத் தோதான மெட்டில் வைத்தார்.

விமரிசகர்களுக்குப் பிடித்துப்போனது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பிட்ச்ஃபோர்க் உட்படப் பலரும் பாராட்டி எழுதினார்கள். பிரிவைப் பாடும் ஆல்பங்களில் போனவள் மேல் பழி விழுவதுதான் வழக்கம். இங்கே முதல் பாட்டிலேயே பாடுகிறவன் தன்னைத் தொழுநோயாளியாகக் காட்டிக்கொள்கிறான். உறுப்பு உறுப்பாக உதிர்ந்துகொண்டிருப்பவன் அவன். அப்படியும் அவள் ஏன் திரும்பி வருகிறாள் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை. 'தி மாடர்ன் லெப்பர்' என்ற அந்தப் பாட்டில் கிட்டார் விடாமல் உரசிக்கொண்டே போக, தம்பியின் டிரம்ஸ் அண்ணனைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. தன்னிரக்கத்தில் சாய்ந்து உட்கார அந்தத் தாளம் இடம் கொடுக்கவில்லை.

'மை பேக்வர்ட்ஸ் வாக்'கில், பிரிந்துவிடலாம் என்று புத்தி முடிவெடுத்த பிறகும் உடம்பு கேட்பதில்லை. 'ஓல்ட் ஓல்ட் ஃபேஷன்ட்' அதற்கு நேர்மாறு: தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வீட்டு அறைக்குள்ளேயே பழைய பாணியில் ஆடலாம் வா என்று கூப்பிடுகிறது. துக்கப் பட்டியலுக்கு நடுவே அது ஒரு ஜன்னல். 14 பாடல்கள் கொஞ்சம் அதிகம்தான். 'பிரைட் பிங்க் புக்மார்க்' என்ற சிறு துண்டு இல்லாவிட்டாலும் ஆல்பத்துக்கு ஒன்றும் குறைந்திருக்காது. மற்றவற்றில் கை வைக்க மனம் வராது.

விற்பனையில் அது பெரிய வெற்றி இல்லை. குழு பிரிட்டிஷ் பட்டியலின் முதல் பத்துக்குள் நுழைந்ததே 2013-இல் 'பெடஸ்ட்ரியன் வெர்ஸ்' வந்தபோதுதான். ஆனால் கேட்டவர்கள் இந்த ஆல்பத்தை விடவில்லை. வெளிவந்த ஆண்டிலேயே கிளாஸ்கோவின் கேப்டன்ஸ் ரெஸ்ட் என்ற சின்ன இடத்தில், மின்கிட்டார் ஆரவாரம் இல்லாமல் இந்தப் பாடல்களைப் பாடிப் பதிவுசெய்து தனி ஆல்பமாகவே வெளியிட்டார்கள். 'கீப் யுவர்செல்ஃப் வார்ம்' கச்சேரிகளில் கூட்டத்தின் சொத்தாகிவிட்டது. முன்பின் தெரியாதவரோடு கழிக்கும் இரவு தனிமையின் குளிரைப் போக்காது என்பதுதான் பாட்டின் சாரம். வீட்டில் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாத சொல் ஒன்றும் அதில் உண்டு. தனிமையைப் பற்றிய அந்தப் பாட்டை அரங்கம் முழுக்கத் தோளோடு தோள் ஒட்டி நின்று பாடியது.

2018-இன் தொடக்கத்தில், பத்தாண்டு நிறைவுக்காக ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். அந்த மே மாதம் 9-ஆம் தேதி ஸ்காட் காணாமல் போனார். மறுநாள் ஃபோர்த் ஆறு கடலைத் தொடும் கரையோரம் அவர் உடல் கிடைத்தது. வயது 36.

ஆல்பத்தின் 13-ஆவது பாட்டின் பெயர் 'ஃப்ளோட்டிங் இன் த ஃபோர்த்'. அன்றிலிருந்து பலரால் அதைப் பழையபடி கேட்க முடியவில்லை. முழு ஆல்பத்தையும் ஒரு முன்னறிவிப்பாகப் படிக்கிறவர்களும் வந்தார்கள். அப்படிப் படிப்பது அந்தப் பாட்டுக்கே அநியாயம். அதில் வருகிறவன் சாவைப் பற்றி யோசித்துவிட்டு, இப்போது வேண்டாம் என்று தள்ளிவைக்கிறான், திரும்பிப் போகிறான். இருண்ட நாட்களில் இந்தப் பாடல்கள்தான் கையைப் பிடித்துக்கொண்டன என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர் சொன்னது அந்தத் திரும்புதலை நம்பித்தான். ஆல்பத்தின் நகைச்சுவையும் தாளமும் நடனமும் 2008-இல் இருந்தபடியேதான் இன்றும் இருக்கின்றன.

2019-இல் குடும்பத்தார் ஸ்காட்லாந்துச் சிறுவர், இளைஞர்களின் மனநலத்துக்காக 'டைனி சேஞ்சஸ்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 'சின்னச் சின்ன மாற்றங்கள்' என்று பொருள்படும் அந்தப் பெயர், 'ஹெட் ரோல்ஸ் ஆஃப்' பாட்டில் ஸ்காட் எழுதிய சொற்றொடரிலிருந்து எடுத்தது. அதே ஆண்டு ஜூலையில், மற்ற கலைஞர்கள் இந்தப் பாடல்களைத் தங்கள் பாணியில் பாடிய தொகுப்பு வந்தது. ஸ்காட் உயிரோடு இருந்தபோதே தொடங்கிய வேலை அது. 'தி மாடர்ன் லெப்பர்' அதில் இரண்டு முறை வருகிறது: ஒருமுறை ஸ்காட்லாந்தின் பிஃபி கிளைரோ குழு, இன்னொருமுறை அமெரிக்காவின் டென்னிசியைச் சேர்ந்த பாடகி ஜூலியன் பேக்கர். ஓர் ஆண் தன்னைத் தானே தூற்றிக்கொண்ட சொற்களை ஒரு பெண் எடுத்துப் பாடும்போது, பாட்டுக்குள் இருந்த அவனும் அவளும் இடம் மாறி நிற்கிறார்கள். டெத் கேப் ஃபார் கியூட்டியின் பென் கிப்பர்ட் பாடியது 'கீப் யுவர்செல்ஃப் வார்ம்'.

அந்தப் பாட்டை நண்பர்களும் விட்டுவிடவில்லை. ஒரே நிறுவனத்தில் ஆல்பம் போட்டு, ஒன்றாகச் சுற்றுப்பயணம் போன தி ட்விலைட் சாட் குழு, 2018-க்குப் பிறகு அதைத் தங்கள் கச்சேரிகளில் சேர்த்துக்கொண்டது. அதன் பாடகர் ஜேம்ஸ் கிரஹாம் கண்ணை மூடிக்கொண்டு தொடங்குவார். பல்லவி வரும்போது கூட்டம் வாங்கிக்கொள்ளும்.