மரக்கால் யார் கையில்?
செங்கல்பட்டு நாட்டின் பணமில்லாப் பங்கீடும் திருச்சபையின் எதிர்நோக்கும்

பணம் என்பதே இல்லாத ஒரு சமுதாயம் வருங்காலத்தில் அமையக்கூடுமா என்னும் வினா நம் இறையியல் வகுப்புகளிலும் ஆயர் கூட்டங்களிலும் அவ்வப்போது எழுவதுண்டு. எருசலேம் சபையார் தங்கள் உடைமைகளைப் பொதுவாக்கி வாழ்ந்த செய்தியை (அப். 2:44–45, 4:32–35) வாசிக்கும்போது, இவ்வினா எழாமற் போனால்தான் வியப்பு. நம்மிற் சிலர் இதற்கு விடையாக, "வெள்ளையர் வருமுன் நம் கிராமங்கள் அப்படித்தானே இருந்தன?" என்று கூறிவிடுகின்றனர். இக்கூற்றை வரலாற்றின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கென நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. இன்று கும்மிடிப்பூண்டியின் தொழிற்கூடங்கள் புகை கக்கும் திருவள்ளூர் மாவட்டமே, பணமின்றி இயங்கிய ஒரு சமுதாயத்தைப் பற்றிய விரிவான ஏடுகளை விட்டுச் சென்றுள்ளது.

1. கனவு கண்டோர்

பணமற்ற உலகைக் கற்பனை செய்தவர் பலர். 1516-இல் வெளிவந்த தாமஸ் மோரின் 'யுடோப்பியா'வில் பொன்னுக்கு மதிப்பே இல்லை. 1888-இல் அமெரிக்கரான எட்வர்ட் பெல்லமி, கி.பி. 2000-ஆம் ஆண்டில் ஒவ்வொரு குடிமகனும் நாட்டின் விளைபொருளில் சமபங்கைப் பற்றுச்சீட்டு ஒன்றின் வாயிலாகப் பெறுவதாகக் கதை புனைந்தார். ஈராண்டுகள் கழித்து ஆங்கிலேயக் கவிஞர் வில்லியம் மாரிஸ், கடைகளில் விலையே கேளாது பொருள் வழங்கும் ஓர் இங்கிலாந்தைத் தீட்டினார். தமிழில், 1940களில் பெரியார் ஈ.வெ.ரா. 'இனி வரும் உலகம்' என்னும் நூலில், நாணயமும் ஆண்டான் அடிமை நிலையும் அற்றொழிந்த எதிர்காலத்தை விளக்கினார். கடவுள் நம்பிக்கையற்ற அவரும், ஆதித் திருச்சபையைப் போற்றும் நாமும் ஒரே கனவின் வாயிலில் நிற்கிறோம் என்பது நாம் சற்று நின்று சிந்திக்கத்தக்கது.

2. களத்து மேட்டில் நடந்த பங்கீடு

கி.பி. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, சென்னையைச் சூழ்ந்த நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும்பகுதி அதில் அடங்கும். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அங்குள்ள ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து, வீடு, நிலம், ஏரி, விளைச்சல், பங்கீடு ஆகியவற்றைப் பதிவு செய்தார். அறிஞர் தரம்பால் இவ்வாவணங்களை வெளிக்கொணர்ந்த பின்னரே நம் காலத்தவர் இவற்றின் அருமையை உணர்ந்தனர்.

அவற்றில் நாம் காண்பது யாது? அறுவடை நெல் களத்தில் குவிந்ததும், அரசுக்கும் குடிகளுக்கும் பங்கு பிரிக்கு முன்னரே, ஊர்ப்பணி செய்வோர்க்கு உரிய பங்குகள் மரக்காலால் அளந்து எடுக்கப்பட்டன. கணக்கப்பிள்ளை, தலையாரி, தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், ஏரி மதகைக் காப்பவர் ஆகியோர்க்கும், கோயில், மடம், சத்திரம் ஆகியவற்றிற்கும் சுதந்திரம், மேரை என்னும் பெயர்களால் பங்குகள் இருந்தன. பலர்க்கு மானிய நிலமும் இருந்தது. கலப்பை செய்த தச்சர் அன்றன்று கூலி கேட்கவில்லை. நாவிதர் ஒவ்வொரு முறையும் காசு வாங்கவில்லை. ஆண்டு முழுதும் உழைப்பு, அறுவடையில் பங்கு. அரசின் வரியும் வாணிபமும் நாணயத்தை அறிந்திருந்தபோதிலும், ஊருக்குள் வாழ்க்கை பெரும்பாலும் காசின்றியே நடந்தேறியது.

இவ்வேற்பாட்டின் நன்மையை நாம் மறைக்க வேண்டுவதில்லை. வழிப்போக்கனுக்கு உணவிடும் சத்திரமும், ஏரி பராமரிப்பும் ஊர் விளைச்சலின் முதற் செலவுகளாக மதிக்கப்பட்டன. பொதுநலனை மிச்சத்திலிருந்தன்றி முதலிலிருந்தே எடுத்து வைத்த ஒரு பொருளாதாரத்திடம் நாம் கற்க வேண்டியது உண்டு.

3. படியாளின் நெல்

ஆயினும் அக்களத்தில் இன்னொருவரும் நின்றார். நாற்று நட்டவரும் கதிர் அறுத்தவரும் நெல் தூற்றியவரும் பெரும்பாலும் சேரியில் வாழ்ந்த பறையர் சமூகத்தாரே. அவர்களுள் மிராசுதாரிடம் நிரந்தரமாய்க் கட்டுண்டு உழைத்தவர் 'படியாள்' எனப்பட்டார். படி நெல்லைக் கூலியாகப் பெறுபவர் என்பதே அப்பெயரின் பொருள். அவரும் பணமின்றியே வாழ்ந்தார். ஆனால் தச்சரின் பங்கும் படியாளின் படியும் ஒன்றல்ல. அளக்கும் மரக்கால் எஜமானர் கையில் இருந்தது. அளவு குறைந்தால் கேட்பதற்குப் படியாளுக்கு இடமில்லை. அவர் குடியிருந்த மனையும் எஜமானருடையது. திருமணத்திற்கோ இழவிற்கோ வாங்கிய கடன் மகனையும் கட்டியது. ஊரை விட்டு அகல நினைத்தால் வீட்டையும் இழக்க வேண்டும். வேற்றூரில் வாழக் கையிற் காசும் இல்லை.

1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்திற்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கிற்று. எனினும் சேரியின் நிலை பெரிதும் மாறவில்லை. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கை இதனை வெளிப்படையாகக் கூறியது. மனை உரிமையின்மையையும், தரிசு நிலத்திற்கு விண்ணப்பிக்கும் ஏழைகளை மிராசுதாரர் தடுத்தமையையும் அவர் எடுத்துக் காட்டினார். இவ்விழிப்பிற்கு அருட்தொண்டர்களின் பங்களிப்பும் உண்டு. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆதாம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர் வட்டாரத்தில் வெஸ்லியன் சங்கத்தின் வில்லியம் கௌடியும் சேரி மக்களின் நில உரிமைக்காகக் குரல் எழுப்பினர். 1892-இல் பிறந்த அரசாணையின் வழிவந்தவையே இன்று பஞ்சமி நிலம் எனப்படுபவை. அவற்றுள் பல பின்னர் பிறர் கைக்குச் சென்றன. அவற்றை மீட்கக் கோரி 1994-இல் செங்கல்பட்டில் நடைபெற்ற போராட்டத்தில் காவலரின் துப்பாக்கிச் சூட்டிற்கு இருவர் பலியாயினர்.

காலக் குறிப்பு ஒன்றை ஈண்டு ஒப்பு நோக்குவோம். இலண்டனில் மாரிஸ் பணமில்லா உலகின் இனிமையைத் தீட்டிய ஆண்டு 1890. பணமில்லா வாழ்வின் கொடுமையை டிரெமன்ஹீர் எழுதிய ஆண்டு 1891. இவ்விரண்டையும் ஒருங்கே வாசியாதவர் இவ்வினாவிற்கு முழு விடை காணல் அரிது.

4. காசு தந்த விடுதலையும் புதிய கட்டும்

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கிய இரயில் திருவள்ளூர் வழியே சென்றது. பெரம்பூரில் பஞ்சாலைகள் எழுந்தன. படை வேலையும் பர்மா, இலங்கை, நேட்டால் பயணங்களும் சேரி மக்களுக்குத் திறந்தன. அயல்நாட்டுத் தோட்டங்களிலும் துன்பம் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் கையில் எண்ணிப் பெற்ற கூலியை யார் கடையிலும் கொடுக்கலாம், பிள்ளையின் பள்ளிக்குச் செலவிடலாம், ஒரு மனையும் வாங்கலாம். நம் சபைகளின் முதல் தலைமுறையினர் பலருக்குக் காசு மாயையாகத் தோன்றவில்லை. எஜமானரின் முகம் பாராமல் உண்ணும் உரிமையாகவே தோன்றிற்று. பணத்தைப் பழித்துப் பேசும் அருளுரைகள் இதனை மறத்தல் கூடாது.

எனினும் காசும் கட்டாகக் கூடும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் இம்மாவட்டத்துச் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும், முன்பணம் வாங்கியதால் கட்டுண்ட இருளர் குடும்பங்களும் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களும் பலமுறை மீட்கப்பட்டுள்ளன. சிப்காட் வளாகங்களில் ஒப்பந்தத் தொழிலாளர் கூலி வங்கிக் கணக்கில் ஏறுகிறது. ஒப்பந்தக்காரர் பிடித்தம் செய்தது எவ்வளவு என்பதைத் தொழிலாளர் அறிவது எளிதன்று. 2016 நவம்பருக்குப் பின் நாம் அடிக்கடி கேட்கும் 'ரொக்கமில்லாப் பொருளாதாரம்' பணமில்லாச் சமுதாயம் ஆகாது. காசு கண்ணுக்கு மறைந்தது, கணக்கு மறையவில்லை. அன்று மரக்கால், இன்று கணக்கேடு. அதைப் பிடித்திருப்பவர் யார் என்பதே இரு காலத்திற்கும் பொதுவான வினா.

5. திருமறை காட்டும் அளவை

இவ்வினாவோடு திருமறையை அணுகுவோமாயின் புதிய ஒளி கிடைக்கின்றது. வனாந்தரத்து மன்னா விலைக்கு வாங்கப்படவில்லை. ஆனால் அளக்கப்பட்டது, தலைக்கு ஓர் ஓமர் (யாத். 16:16–18). எகிப்தில் ஆளோட்டிகள் செங்கல் கணக்கை வைத்திருந்தனர். வனாந்தரத்திலோ அவ்வளவை ஒவ்வொரு குடும்பமும் தானே அளந்தது. அளவு ஒழியவில்லை, அளப்பவர் மாறினார்.

எருசலேம் சபையிலும் இவ்வாறே. பொதுவுடைமை தொடங்கிய சில நாட்களிலேயே கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டனர் (அப். 6:1). விற்றுக் கொடுத்த சபையிலும், மனமுவந்து பகிர்ந்த சபையிலும், பரிமாறும் கை தன் இனத்தையே முதலில் கண்டது. அப்போஸ்தலர் அறிவுரை கூறி அமையவில்லை. எழுவரைத் தெரிந்துகொள்ளும்படி சபையைக் கேட்டனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்னும் எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்டவர் தரப்பினரிடமே அகப்பை ஒப்படைக்கப்பட்டது என்று நாம் துணிந்து கூறலாம். பின்னாளில் அதே எருசலேம் சபை வறுமையுற்றபோது புறவினத்துச் சபைகளின் காணிக்கைப் பணமே அதனைத் தாங்கிற்று. அக்காணிக்கையைக் குறித்து எழுதும் பவுலடியார் மன்னாவின் ஓமரையே எடுத்துக் காட்டுகிறார் (2 கொரி. 8:13–15). பணமும் மன்னாவாகலாம், நெல்லும் விலங்காகலாம்.

முடிவுரை

ஆகவே பணமில்லாச் சமுதாயத்தை எதிர்நோக்குவது தவறன்று. விலையின்றி வந்து வாங்குங்கள் என்னும் தீர்க்கதரிசியின் அழைப்பு (ஏசா. 55:1) நம் நம்பிக்கையின் ஒரு பகுதியே. ஆனால் அதனைக் கடந்த காலத்துக் களத்து மேட்டிலிருந்து நாம் எடுத்து வர இயலாது. படியாளாய் நின்றவர் கையில் மரக்காலைக் கொடுக்கத் துணியாத எந்தச் சமுதாயமும், பணம் உள்ளதாயினும் இல்லதாயினும், வரப்போகும் இறையரசின் முன்சுவையாகாது.

இவ்வுண்மையைச் சோதிக்க நம் சபைகளிலேயே ஓர் எளிய வழி உண்டு. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் நம் தாய்மாரின் பிடியரிசிக் காணிக்கை காசில்லாக் கொடை. பல ஊர்களில் ஓட்டுக் கூரையும் மணியும் உபதேசியாரின் சோறும் அதனால் வந்தவை. அவ்வரிசி எங்கே செல்ல வேண்டும் என்று முடிவு செய்யும் குழுவில், அதை எடுத்து வைத்த பெண்களுள் எத்தனை பேர் அமர்ந்திருக்கின்றனர்? அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு முன் ஒவ்வோர் ஆயரும் தம் சபையின் குழுப் பட்டியலை எடுத்து இவ்வினாவிற்கு விடை எழுதிப் பார்ப்பாராக.